ஊதிவிட்டு உட்கார்ந்தவர்கள்

றஜீவ் பொய் சொல்லாதவன் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். பரீட்சை நாளில் அவனுக்குக் காய்ச்சல் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கால் நோகும். ஆனாலும் இது நடந்தது. நம்புவதற்கு ஒரே ஒரு காரணம் போதும்: பொய் சொல்கிறவன் தன்னை வீரனாக்கித்தான் சொல்வான். இந்தக் கதையில் றஜீவ் பாத்திரம் கழுவுகிறான்.

நடந்தது 2024 நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முதல்நாள். ஒஸ்லோவில், குரோருட்டில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். நடுச்சாமம் இல்லை. சுடுகாடு இல்லை. பின்னேரம் ஆறு மணி. ஆனால் டிசம்பரில் ஒஸ்லோ மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். பேய்களுக்கு இந்த ஊரில் வேலை நேரம் அதிகம்.

அந்த வீடு ஹன்னாவுடையது. உக்ரைன்காரி, நாற்பது வயது. டெர்னோபில் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பையோடு வந்து இரண்டு வருடம். றஜீவும் அவன் தாய் மரியரஞ்சனியும் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. பெண்கள் இருவரும் பழக்கமானது நிலவறையில் இருக்கும் பொதுச் சலவை அறையில். ஹன்னா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆண்பிள்ளைச் சட்டைகளைத் தோய்த்து அயன் பண்ணுவாள். அவள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. கணவன் ஓஸ்தாப் போர்முனையில் காணாமல் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. செத்தான் என்றும் செய்தி இல்லை, பிடிபட்டான் என்றும் செய்தி இல்லை. யாரும் போடாத சட்டைகள் வாராவாரம் வெளுத்துக்கொண்டே போயின.

மரியரஞ்சனி அதைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வீட்டிலிருந்து நல்ல அயன் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், அவ்வளவுதான். அவளுக்கும் ஒரு காணாமல் போனவர் இருந்தார். அண்ணன் பிலேந்திரன். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. நவம்பரில் மரித்த ஆத்துமாக்களின் பூசை வரும்போது மரியரஞ்சனி பங்குச் சுவாமியிடம் தாயின் பெயரைக் கொடுப்பாள், தகப்பனின் பெயரைக் கொடுப்பாள். அண்ணனின் பெயரைக் கொடுக்க மாட்டாள். "பிலேந்திரனுக்கும் ஒரு பூசை ஒப்புக்குடுத்தா என்ன?" என்று ஒருமுறை ஒரு பெரியம்மா வாய்தவறிக் கேட்டார். அந்தப் பெரியம்மாவோடு மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

ஆக, இரண்டு பெண்களுக்கும் ஒரே விரதம். ஆள் வராவிட்டாலும் பரவாயில்லை, செத்தவர் கணக்கில் சேர்க்க விடமாட்டோம்.

பேசிக்கொள்வது நோர்வேஜிய மொழியில். மரியரஞ்சனி அதைப் பேசத் தொடங்கி இருபத்தைந்து வருடம், ஹன்னா தொடங்கி இரண்டு வருடம். தரம் ஒன்றுதான்.

அந்த நத்தாருக்கு ஹன்னா இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர்கள் வழக்கத்தில் அது புனித இரவு. வானத்தில் முதல் வெள்ளி, முதல் நட்சத்திரம், தெரிந்த பிறகுதான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டுமாம். ஒஸ்லோவின் டிசம்பர் வானத்தில் வெள்ளி தேடுவது கஞ்சியில் இறைச்சி தேடுவது போல. ஹன்னா பல்கனியில் நின்று மேகத்தைப் பார்த்தாள். றஜீவ் குசினியில் சாப்பாட்டுச் சட்டிகளைப் பார்த்தான். கடைசியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது மினுங்கி மினுங்கி விமான நிலையப் பக்கம் இறங்கியது.

"வெள்ளிதான்," என்று றஜீவ் சாட்சி சொன்னான். பசி.

மேசை விரிப்பின் கீழே காய்ந்த புல் பரப்பியிருந்தது. இயேசு பிறந்த தொழுவத்தின் நினைவாம். செல்லப்பிராணிக் கடையில் வாங்கியது. காலிப் பையில் ஒரு முயல் சிரித்துக்கொண்டிருந்தது. நாலு மூலையிலும் ஒவ்வொரு உள்ளிப் பூண்டுப் பல்லு. சுவர் மூலையில் மாதா படம். படத்தின் மேல் சிவப்பும் கறுப்புமாக நூல்வேலை செய்த நீளத் துணி ஒன்று இரண்டு பக்கமும் தொங்கியது. கலியாணத்தன்று தானும் ஓஸ்தாப்பும் அதில் ஏறி நின்றதாக ஹன்னா சொன்னாள். ஊரை விட்டு வரும்போது பைக்குள் வந்த துணி. படத்துக்குக் கீழே நிலத்தில் ஒரு கதிர்க்கட்டு. ஊரில் என்றால் கோதுமைக் கதிர். முன்னோர்கள் இந்த நாட்களில் அதற்குள் வந்து தங்குவார்களாம். குரோருட்டில் கோதுமைக் கதிருக்கு எங்கே போவது? நோர்வேக்காரர் நத்தாருக்குக் குருவி தின்ன வெளியே தொங்கவிடும் ஓட்ஸ் கதிர்க்கட்டை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் வாங்கி, சிவப்பு நாடா கட்டி, உள்ளே நிறுத்திவிட்டாள்.

"குருவிக்கு வித்ததுக்குள்ளை ஆத்துமா வந்து இருக்குமோ அம்மா?" என்று றஜீவ் தமிழில் கேட்டான்.

"வாயைப் பொத்து. குருவியும் ஆத்துமாவும் ஒரு நிறைதான்."

சுவரோரம் மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு நீள வாங்கு, இந்தப் பக்கம் இரண்டு கதிரை. றஜீவ் வாங்கில் குந்தப்போனான். ஹன்னா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். குனிந்து, அவன் இருக்கப்போன இடத்தில் மெல்ல ஊதினாள்.

ஃபூ...

"இன்றைக்கு ஊதித்தான் இருக்க வேண்டும்," என்றாள். "ஆத்துமா இருக்கும். மேலே இருந்தால் அதற்கு நோகும்."

மரியரஞ்சனியும் பக்தியோடு ஊதினாள். தூசி தட்டினமாதிரியும் ஆச்சு என்று றஜீவ் நினைத்துக்கொண்டான்.

பன்னிரண்டு வகைச் சாப்பாடு. ஒன்றிலும் இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. "சைவக்காரரின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீடு மாதிரிக் கிடக்கு," என்று மரியரஞ்சனி மகனின் காதுக்குள் சொன்னாள். நடுவில் ஒரு மண் சட்டி. அதில் குத்யா. அவித்த கோதுமை, தேன், கசகசா. அதுதான் முதல் சாப்பாடு. ஹன்னா மரக்கரண்டியில் ஒரு வாய் அள்ளி, மாதா படத்துக்கு நேரே உயர்த்தினாள். தகப்பன் பெயரைச் சொன்னாள். தாயின் பெயரைச் சொன்னாள். வயலில் கண்ணிவெடி மிதித்த தம்பியின் பெயரைச் சொன்னாள். நிறுத்திவிட்டாள்.

"ஓஸ்தாப்?" மரியரஞ்சனி மெல்லக் கேட்டாள்.

"நை," என்றாள் ஹன்னா. இல்லை. "இது செத்தவர்களுக்கு. உன் அண்ணன்?"

"நை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ஒப்பந்தம் கைச்சாத்தானது. பிறகு சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள்.

பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. தமிழர் மட்டுமே விடக்கூடிய பிழை.

நம் ஊரில் செத்தவர்களுக்குப் படைத்தால் அவர்கள்தான் முதலில் சாப்பிடுவார்கள். நாம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். பிறகுதான் நமக்கு. ஹன்னா கரண்டியை உயர்த்தியபோதே படையல் முடிந்தது என்று தாயும் மகனும் நினைத்துவிட்டார்கள். ஹன்னாவின் ஊரில் வரிசை வேறு. முதலில் இருப்பவர்கள் சாப்பிட வேண்டும். மேசையை அப்படியே விட்டு எழும்ப வேண்டும். பிறகுதான் அவர்கள் வருவார்கள்.

இதை யாரும் சொல்லவில்லை. அவளுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். மிச்சக் குத்யாவுக்குள் கரண்டிகளைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். செத்தவர்களுக்கு எச்சில் சாப்பாட்டை வைப்பார்கள் என்று எந்தத் தமிழன் கண்டான்?

இரண்டு பெண்களும் நகரத்திலுள்ள கத்தோலிக்கக் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். அங்கே உக்ரைன்காரரின் வழிபாடு. றஜீவ் தமிழ்ப் பூசைக்கு இரவு வருவதாகச் சொல்லித் தப்பிக்கொண்டான். ஆனால் மேசை நடுவில், மறுநாள் வரைக்கும் யாரும் தொடாத வளையமான பாண் ரொட்டிக்குள் குத்திய மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அதை ஹன்னா அணைக்க மாட்டாள். எரியும் மெழுகுதிரியை விட்டுவிட்டுப் போக மரியரஞ்சனி விடமாட்டாள். இரண்டு பெண்களின் நியாயத்துக்கும் நடுவில் எஞ்சியது றஜீவ். காவல்.

கதவடியில் சப்பாத்துப் போட்டபடி ஹன்னா சொன்னாள். "மேசை அப்படியே இருக்கட்டும். கழுவ வேண்டாம்."

மரியரஞ்சனி தமிழில் சொன்னாள். "வீட்டுக்காரர் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். அதுக்காண்டி கழுவாமல் விடுறதே? எச்சில் கோப்பை கிடந்தா மூதேவி வருவாள். எல்லாத்தையும் கழுவி வை. என்ரை மானத்தை வாங்கிப்போடாதை."

மூதேவி எப்போது கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தாள் என்று றஜீவ் கேட்கவில்லை. "ஓம் அம்மா," என்றான்.

கோயில் மணிகள் அடித்து ஓய்ந்திருந்தன. இந்த ஊரில் நத்தாருக்கு முதல்நாள் ஐந்து மணிக்குப் பிறகு வீதியில் நாய்கூட இருக்காது. கடை இல்லை. கார் இல்லை. எல்லா ஜன்னலிலும் வெளிச்சம், ஒரு ஜன்னலிலும் ஆள் இல்லை.

அவன் கழுவினான். ஒரு சாமானும் விடாமல் கழுவினான். மற்றதெல்லாம் காலி, சட்டியில் மட்டும் கால்வாசிக் குத்யா மிச்சம் இருந்தது. சாப்பாட்டைக் கொட்டுவது பாவம். வழித்துச் சாப்பிட்டான். கரண்டிகளைக் கழுவினான். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தான். மேசை விரிப்பில் சிந்தியதைக்கூட ஈரத் துணியால் துடைத்தான். மெழுகுதிரியும் பாணும் மட்டும் நடுவில் நின்றன. தாய் பார்த்தால் கண் கலங்குவாள் என்று நினைத்தான்.

வாங்கில் குந்தினான். கைப்பேசியை எடுத்தான். ஊதவில்லை.

நேரம் ஆறு பத்து.

கீழே, கட்டடத்தின் வாசல் கதவு திறந்து மூடியது. அது மூடும்போது எப்போதும் ஒரு இரும்புச் சத்தம் வரும். பிறகு படியில் காலடி. ஒருவர் இல்லை... கனபேர். மெல்ல, முன்னும் பின்னுமாக. யாருடைய வீட்டுக்கோ விருந்தாளிகள்.

இரண்டாம் மாடி தாண்டியது.

மூன்றாம் மாடியில் நின்றது.

டொப்... டொப்... டொப்... சப்பாத்திலிருந்து பனியைத் தட்டும் சத்தம். கதவுக்கு நேர் வெளியே. ஒருவர் தட்டி முடிய மற்றவர் தட்டினார். மரியாதையான ஆட்கள்.

றஜீவ் மணி அடிக்கும் என்று காத்திருந்தான். அடிக்கவில்லை. எழும்பிப்போய்க் கதவின் ஓட்டைக் கண்ணாடியால் பார்த்தான்.

ஆள் இல்லை.

ஆனால் படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்கு அது. ஆள் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அணையவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான்.

அணையவில்லை.

சென்சார் பழுது என்று தனக்குத்தானே சொன்னான். கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தான். பூட்டித்தான் இருந்தது. திரும்பி வந்து வாங்கில் இருந்தான். கைப்பேசியில் யாரோ நாய்க்கு நத்தார்த் தாத்தா உடுப்புப் போட்டு ஆடவிட்டிருந்தார்கள். அவன் சிரித்தான். சிரிப்புச் சத்தம் அந்த வீட்டில் பொருந்தவில்லை.

மூலையில் கதிர்க்கட்டு சரசரத்தது.

காற்று இல்லை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கதிர்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. குருவி ஒன்று ஏறி இருந்துவிட்டுப் பறந்தால் காம்பு எப்படி நிமிரும்... அப்படி.

மெழுகுதிரிச் சுடர் அவன் பக்கம் சாய்ந்தது.

அப்போது...

ஃபூ...

அவன் மடியில். குளிராக. மெல்லமாக. தூசி தட்டுவது போல.

அவன் அசையவில்லை. மூளை மட்டும் வேலை செய்தது. இருக்க முன்னம் ஊத வேண்டும். ஆத்துமா இருந்தால் நோகும். அவர்கள் ஊதுகிறார்கள். அவர்களும் ஊதுகிறார்கள். இங்கே இருக்கும் ஆத்துமா...

நான்.

துள்ளி எழும்பினான். குளிர்சாதனப் பெட்டியோடு முதுகை ஒட்டிக்கொண்டான்.

அவன் விட்ட இடத்தில் வாங்கு முனகியது. ஒரு பாரம் இறங்கியது.

ஃபூ... பக்கத்தில். முனகல்.

ஃபூ... அதற்குப் பக்கத்தில். முனகல்.

மூன்று.

கதிரை ஒன்று பின்னால் நகர்ந்தது. கால்கள் நிலத்தில் உரசின.

ஃபூ...

நான்கு.

பிறகு குழாயில் தண்ணீர் விழுந்தது. அவன் நின்ற இடத்துக்கு ஒரு கை தூரம். ஒரு கை கழுவும் நேரம் விழுந்தது. நின்றது.

கடைசிக் கதிரை நகர்ந்தது.

ஃபூ...

ஐந்து.

பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால்... மேசையைச் சுற்றி இருந்து சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் ஆட்களின் அமைதி. கலியாண வீட்டில் பந்தியில் குந்தியவர்களின் அமைதி. எல்லாரும் ஒரு பக்கம் பார்ப்பார்களே. பரிமாறுகிறவனை.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஒருவரும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் பார்த்தார்கள்.

"முடிஞ்சுது," என்றான் றஜீவ். தமிழ் புரியாதே என்று நினைத்து நோர்வேஜிய மொழியில் சொன்னான். "ஃபெர்டிக்." அதுவும் புரியாதே. கையை விரித்துக் காட்டினான். "சாப்பாடு... இல்லை."

கனநேரம்.

கதிரை ஒன்று நகர்ந்தது. வாங்கு மெல்ல நிமிர்ந்தது. காலடிகள் கதவுப் பக்கம் போயின. கதவு திறக்கவில்லை. வெளியே படியில் சத்தம் கேட்டது.

கடைசிக் கதிரை மட்டும் நகரவில்லை.

அவன் எண்ணத் தொடங்கினான். எதையென்று தெரியாமல் எண்ணினான். நூறு தாண்டியது.

பிறகு அதுவும் நகர்ந்தது.

ஓட்டைக் கண்ணாடியால் பார்த்தபோது படிக்கட்டு விளக்கு அணைந்தது.

எட்டரைக்குப் பெண்கள் வந்தார்கள். றஜீவ் வெளிப்படியில், சப்பாத்துப் போடாத காலோடு குந்தியிருந்தான். மரியரஞ்சனி அவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். மின்னும் குசினியைக் கண்டு அவள் முகம் மலர்ந்தது.

ஹன்னாவின் முகம் மலரவில்லை. கவிழ்த்து வைத்த சட்டியைப் பார்த்தாள். காலி மேசையைப் பார்த்தாள். கோட்டைக் கழற்றாமலே வெளியே திரும்பி வந்தாள். திட்டுவாள் என்று றஜீவ் நினைத்தான். அவள் திட்டவில்லை. அவன் முன்னால் குந்தி, அவன் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அது அவர்களுக்கு வைத்தது," என்றாள். "இரவுக்கு. வந்தார்களா?"

மரியரஞ்சனியின் கை வாய்க்குப் போனது. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

றஜீவ் தலையாட்டினான்.

"எத்தனை பேர்?"

அவள் கண்ணைப் பார்த்தபோது அந்தக் கேள்வி என்னவென்று அவனுக்குப் புரிந்தது. அவள் பெயர் சொன்னது மூன்று பேருக்கு. தகப்பன், தாய், தம்பி. நாலாவது ஆள் வந்திருந்தால் அது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சட்டைகளை எல்லாம் அன்றைக்கே மடித்துக் குப்பையில் போடலாம். ஒரு எண்ணைச் சொல்லி ஒரு மனுசனைக் கொல்லலாம்.

றஜீவ் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அதுதான் சுத்தமான பொய்.

"மூன்று," என்றான்.

ஹன்னா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள், சந்தோசத்தில்.

அதற்குப் பிறகு அவன் ஹன்னாவை நேரே பார்க்கவில்லை. படியில் கண்டால் கைப்பேசியில் பேசுவதுபோல நடிப்பான். சலவை அறைக்குப் போகவே மாட்டான். சனிக்கிழமைகளில் தாய் வந்து சொல்வாள். "பாவம், இண்டைக்கும் சட்டை அயன் பண்ணிக்கொண்டு நிக்கிறா." அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப்போவான். ஓஸ்தாப் செத்துவிட்டான் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று நினைத்தான். நாலாவது ஆள் ஓஸ்தாப். சரி. ஐந்தாவது? பயத்தில் பிழையாக எண்ணியிருப்பேன் என்று விட்டுவிட்டான்.

ஆகஸ்டில் ஒருநாள் மேல் மாடியிலிருந்து ஒரு கூக்குரல். மரியரஞ்சனி கரண்டியும் கையுமாக மேலே ஓடினாள். றஜீவ் பின்னால் ஓடினான்.

கைதிகள் பரிமாற்றம். ஓஸ்தாப் உயிரோடு இருந்தான்.

றஜீவுக்கு எட்டு மாதப் பாரம் இறங்கியது. அப்படியென்றால் ஒன்றும் நடக்கவில்லை. வெறும் பழைய வாங்கு, பழைய குழாய், பழுதான சென்சார். அந்த வாரம் முழுக்க அவன் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தான்.

அடுத்த வாரம் ஓஸ்தாப் ஆசுப்பத்திரியிலிருந்து காணொளியில் கதைத்தான். ஹன்னா இருவரையும் மேலே கூப்பிட்டாள். திரையில் எலும்பும் தோலுமாக ஒரு ஆள், மொட்டைத் தலை. ஹன்னா கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். "இது மரியா. இது மரியாவின் மகன்."

ஓஸ்தாப்பின் சிரிப்பு நின்றது. றஜீவையே பார்த்தான். ஏதோ சொன்னான்.

"என்ன சொல்லுறார்?" என்றாள் மரியரஞ்சனி.

ஹன்னா றஜீவைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தப் பொடியன்தான் சாப்பாடு இல்லை என்று கையை விரித்தான் என்கிறார்."

ஓஸ்தாப் மெல்லச் சொல்லச் சொல்ல, ஹன்னா துண்டு துண்டாக மொழிபெயர்த்தாள். நத்தாருக்கு முதல்நாள் அவனுக்குக் கடும் காய்ச்சல். மூச்சு நின்றது என்று மற்றக் கைதிகள் முகத்தை மூடிவிட்டார்களாம். அவன் பனியில் நடந்தான். முன்னால் மாமனார், மாமி, மச்சான். ஒரு படிக்கட்டு. தானாக எரியும் விளக்கு. மேசையில் மெழுகுதிரியையும் அது குத்திய பாணையும் தவிர ஒன்றுமில்லை. மாமனார் அவனைப் பார்த்துச் சொன்னாராம்: உனக்கு இங்கே சாப்பாடு இல்லை, நீ திரும்பிப் போ. எங்களோடு ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் போக முடியாது.

ஹன்னா றஜீவின் நெற்றியில் முத்தமிட்டாள். பாத்திரம் கழுவி உயிர் காத்த முதல் தமிழ் ஆண்பிள்ளை அவனாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தான் கையை விரித்ததை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஓஸ்தாப் இன்னும் ஏதோ கேட்டான்.

"எனக்குப் பின்னால் வந்தவர் யார், என்கிறார்," என்றாள் ஹன்னா. "எங்கள் ஆள் இல்லையாம். உங்கள் நிறமாம். மெலிந்த ஆள். மற்றவர்களைப் போல மேசையில் கரண்டி தேடவில்லையாம். வந்ததும் குழாயடிக்குப் போனாராம். ஒரு கையை மட்டும் கழுவினாராம். பிறகு வந்து இருந்து, அந்த ஈரக் கையை ஒன்றிலும் படாமல் மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். ஏன் அப்படிப் பிடித்தார் என்று தனக்கு இன்னும் விளங்கவில்லையாம்."

றஜீவுக்கு விளங்கியது. கையால் சாப்பிடுகிற எவருக்கும் விளங்கும்.

மரியரஞ்சனி திரைக்குக் கிட்டப் போனாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தக் கை?"

ஹன்னா கேட்டாள். ஓஸ்தாப் கையைத் தூக்கிக் காட்டினான்.

"வென்ஸ்த்ரெ," என்றாள் ஹன்னா. இடது.

மரியரஞ்சனி நிலத்தில் குந்திவிட்டாள்.

"அண்ணைக்கு இடக்கை," என்றாள். றஜீவ் மாமாவைப் படத்தில் மட்டும் பார்த்தவன். அவனுக்கு அது தெரியாது. "பீச்சாங்கையாலை தின்னாதை எண்டு ஐயா பிரம்பு முறிய முறிய அடிச்சவர். கடைசிவரைக்கும் மாறேல்லை. சபையிலை சாப்பிட வெக்கப்பட்டு எப்பவும் கடைசியாத்தான் வந்து குந்துவர்." பிறகு, மகனைப் பார்க்காமல் சொன்னாள். "நான்தானே உன்னைக் கழுவச் சொன்னனான்."

ஏன் அந்த வீட்டுக்கு, ஏன் அந்த இரவில்... ஒருவருக்கும் தெரியாது. தங்கச்சி இருந்து சாப்பிட்ட மேசை என்று வந்திருக்கலாம். றஜீவிடம் கேட்டால் தோளைக் குலுக்குவான். பகிடி விட மாட்டான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும்.

ஒக்டோபர் கடைசியில் மரியரஞ்சனி பங்குச் சுவாமிக்குத் தொலைபேசி எடுத்தாள். நவம்பர்ப் பூசைக்குப் பெயர் கொடுக்க. றஜீவ் பக்கத்தில் இருந்தான்.

தாயின் பெயர். தகப்பனின் பெயர். வழக்கம்போல.

"இன்னுமொண்டு இருக்குச் சுவாமி," என்றாள். "பிலேந்திரன்."

சுவாமிக்கும் அந்தப் பெரியம்மாவின் கதை தெரியும்.

"நல்லது பிள்ளை. எப்ப இறந்தவர் எண்டு போட?"

"அது தெரியாது சுவாமி," என்றாள் மரியரஞ்சனி. "போன நத்தாருக்கு வந்தவர். பசியோட திரும்பிப் போனவர்."